வழி சொல்லிவிட்டு இறங்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியில் யாரும் துணி காயப்போடக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்லை. வீட்டுக்காரி நான், சட்டம் போட்டவள் கீழே குடியிருந்தவள். ஒரு தடவை என் பெட்ஷீட்டையே கொடியிலிருந்து உருவி, நாலாக மடித்து, என் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, மேல ஸ்கூல்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாம், அதுவும் இல்லை. என் மாடி, என் கொடி, என் பெட்ஷீட். அன்றைக்கு வந்த எரிச்சல், அவள் காலி செய்துகொண்டு போய் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஓசூரில் ஃபேக்டரி வரிசைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு லைன் வீடு உண்டு. எதிரெதிரே ஒற்றை அறைகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி, கடைசியில் கக்கூஸ்கள். முன்பெல்லாம் ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன்கள்தான் குடியிருந்தார்கள். அவர்கள் கல்யாணம் கட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனதும் ஒடிசாக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் வந்தால் அவன் மச்சான் வருவான், மச்சான் பின்னால் மச்சானின் சித்தப்பா மகன் வருவான். கொஞ்ச நாளில் லைன் முழுக்க அவர்கள்தான். என் பெட்ஷீட்டை உருவியவளும் அவர்களில் ஒருத்திதான். இவள் புருஷனுக்கு ஃபவுண்டரியில் வேலை. நாளெல்லாம் உலை வெக்கையில் நின்று நின்று பேச்சே வற்றிப்போனவன் மாதிரி இருப்பான். இவள் பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் தண்டுகளை நீளம் பார்த்துக் கட்டுக் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை முழுக்க முள் கிழித்த கோடுகள்.

வீட்டுக்காரிகளுக்கு இவளைப் போலக் குடித்தனம் கிடைக்காது. சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. மற்றவர்கள் வந்த மறுநாளே சாமி படத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று சுவரைப் பொத்தல் போடுவார்கள். இவள் வீட்டில் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "ஒரு ஆணி அடிச்சிக்கோ, நான் ஒன்னியும் சொல்லமாட்டேன்" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"எதுக்கு அக்கா? நாங்க போயிடுவோம்" என்றாள்.

இந்த "போயிடுவோம்"தான் அவள். காலையில் எழுந்ததும் போயிடுவோம், மழை பெய்து தொட்டி நிரம்பினாலும் போயிடுவோம். மூத்த மகள் சஸ்மிதா இங்கே ஓசூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளை ஊரிலேயே ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். அவள் முன்னால் போனால் குடும்பம் முழுக்கப் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அம்மாக்காரி போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான். இந்த ஒரு கணக்கில்தான் அவள் ஆயுசே ஓடியது.

பள்ளிக்கூடம் ஆரம்பித்த கதை சின்னது. லைனில் ஒரு வீட்டுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது தாத்தா. நாலு வயசுப் பையன் போனைப் பிடுங்கி, "தாத்தா, சாப்ட்டியா? எப்ப வருவே?" என்று நம் பாஷையில் கேட்டிருக்கிறான். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை புரியவில்லை. ராங் நம்பர் என்று கிழவர் வைத்துவிட்டார். லைன் முழுக்கச் சிரித்தது, நானும்தான் சிரித்தேன். இவள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போய், தரையில் சாக்பீஸால் அவர்கள் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் தலையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

டீச்சருக்கு என்று அவள் எதுவும் படித்தவள் இல்லை. ஊரில் பத்தாவது வரை போனவள், அவ்வளவுதான். பிள்ளைகள் அவளை 'குருமா' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் டீச்சரம்மாவுக்கு அதுதான் பெயராம். முனைக்கடை பரோட்டா மாஸ்டருக்கு இது போதாதா? "இன்னாக்கா, உங்க மாடில குருமா மட்டும்தானா, பரோட்டா இல்லியா?" என்று தினம் கேட்பான். அர்த்தம் புரிந்த நாளிலிருந்து அந்தக் கடை வாசலை அவள் மிதிக்கவில்லை. பாவம், அவள் புருஷனுக்கு அந்தக் கடை பரோட்டா உயிர். அதையும் சேர்த்து நிறுத்தினாள்.

மாடியில் தமிழ் பேசக் கூடாது. தண்ணீர் வேண்டுமானாலும், ஒன்றுக்கு வந்தாலும் அவர்கள் பாஷையில்தான் கேட்க வேண்டும். சின்னதுகள் வார்த்தை தெரியாமல் காலைப் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பாட்டு, எழுத்து, வாய்ப்பாடு எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒன்று உண்டு. அதை நான் வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று, ஊரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து தன் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்ல வேண்டும். பெற்றவர்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வழியை அவளே கட்டிக் கொடுத்திருந்தாள். சரியாகச் சொன்னால்தான் மாடியிலிருந்து இறங்கலாம். அந்த ஊர்களை அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை.

சஸ்மிதாவின் வழி எனக்கே மனப்பாடம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் லெவல் கிராசிங். தாண்டினால் அரிசி மில். மில்லுக்குப் பின்னால் தாமரைக் குளம். குளக்கரையோடு போனால் அனுமார் கோயில். கோயிலுக்கு எதிர்ச் சந்தில் முருங்கை மரம் நிற்கிற வீடு. பாட்டுப் போல ராகத்தோடு சொல்லுவாள் அந்தப் பெண்.

ஒரு நாள் ஒரு வாண்டு வழியைத் தப்பாகச் சொல்லிவிட்டது. கோயிலை முதலில் சொல்லிக் குளத்தைப் பிறகு சொன்னதாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள், இவன் மட்டும் மாடியில் அழுதுகொண்டு நின்றான். கீழே அவன் அம்மா பருப்பு தாளிக்கிற வாசனை மேலே வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. மாடிக்கு ஏறினேன்.

"ஏம்மா, படி இறங்கினா அவன் வூடு. இதுக்கு இன்னாத்துக்கு வழி? வுடு கொழந்தைய."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. "அது ரூம் அக்கா. வீடு இல்ல" என்றாள். பையன் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பிடிவாதம் என்றால் சும்மா இல்லை. பிப்ரவரி வந்தால் ரோஜாப் பண்ணைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிற பூ. ஞாயிறு, திங்கள் என்று பார்க்காமல் ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னான். இவள் போகவில்லை. அவனும் சொன்னபடி செய்தான். அதற்கப்புறம் ரிங் ரோட்டுப் பக்கம் அபார்ட்மெண்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கேயும் முதல் நாளே ஞாயிறு வரமாட்டேன் என்றுதான் பேசியிருக்கிறாள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி தவறிவிடுமே என்று அவள் ஊருக்கே போனதில்லை. சாவு, கல்யாணம் என்று புருஷன் மட்டும் இரண்டு தடவை போய் வந்தான். ஊருக்கு வழி சொல்லிக் கொடுப்பதற்காக ஊருக்குப் போகாமல் இருந்தவள் அவள்.

மழைக் காலத்தில் மாடியில் உட்கார முடியாது. அவளைப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே நான்தான் எங்கள் சர்ச் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷர். இரண்டாம் பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பும் முடிந்தபின், கோயில் பக்கத்து அறையை மதியம் வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஃபேன் இருந்தது, கரும்பலகை இருந்தது. முதல் நாள் அந்தக் கரும்பலகையை அவள் தன் முந்தானையாலேயே துடைத்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

அது நீடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷம் செல்போனில் ஒரு வதந்தி சுற்றியது. வடக்கத்தி ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், குருபரப்பள்ளி பக்கம் ஒரு பையனைக் காணோம், வேப்பனப்பள்ளியில் லாரியை மடக்கினார்கள் என்று ஆளாளுக்கு அனுப்பினார்கள். ஒன்றும் உண்மை இல்லை என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாதே. சத்தம் வெளியே போகக் கூடாது என்று அவள் எப்போதும் கதவைச் சாத்தித்தான் பாடம் நடத்துவாள். சாத்திய கதவு, உள்ளே நிறையப் பிள்ளைகள், சத்தமே இல்லை, நடுவில் வடநாட்டுப் பொம்பளை ஒருத்தி. ஜன்னல் வழியாகப் பார்த்த எவனோ ஒருவன் தெருவைக் கூட்டிவிட்டான்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறைய ஆட்கள். ஒரு ஆட்டோக்காரன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். "யார் பசங்க இது? எங்கேர்ந்து புடிச்சிக்கினு வந்தே? சொல்லுடி!" அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் பாஷையில், ஒவ்வொருவரும் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள் என்றாள். பிள்ளைகள் பயந்துபோய், பழக்கிவைத்தபடி எழுந்து நின்று, ஸ்டேஷனிலிருந்து வழி சொல்ல ஆரம்பித்துவிட்டன. கூட்டத்துக்கு ஒரு எழவும் புரியவில்லை. "பாரு, மனப்பாடம் பண்ணி வச்சிக்கிறா பாரு!" என்று ஒருவன் கத்தினான். பின்னாலிருந்து ஒரு கல் வந்து கதவில் விழுந்தது. "என் வூட்ல குடியிருக்கறவங்கப்பா!" என்று நான் கத்திய கத்தல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் சஸ்மிதா, ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

"யோவ், கைய வுடுய்யா! அது எங்கம்மா! நாங்கல்லாம் ஆண்ட்டியோட லைன் வூட்டுப் பசங்க. கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கறோம். ஞாயித்துக்கெழம எங்க பாஷ படிக்கறோம். இன்னாத்துக்கு இப்பிடி கத்தறீங்க? சின்னப் பசங்க அழுவுது இல்ல?"

கூட்டம் அப்படியே நின்றது. ஆட்டோக்காரன் கையை விட்டான். "அட, நம்ம பாப்பா மாரியே பேசுது!" என்று ஒரு பெண் வாயில் கை வைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது. கல் எறிந்தவன் எங்கே போனானோ. ஆட்டோக்காரன் பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்து, "தப்பா நெனச்சிக்காதம்மா" என்றான். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

அம்மாக்காரி என்ன செய்தாள்? கூட்டம் போனதும் கதவைச் சாத்தினாள். கையில் அவன் பிடித்த இடம் சிவந்திருந்தது. மகளுக்கு முன்னால் வந்து நின்று, அவர்கள் பாஷையில், வழி சொல்லு என்றாள். அந்தப் பெண் விசும்பிக்கொண்டே லெவல் கிராசிங், மில், குளம், கோயில் என்று சொல்லி முடித்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கல் நெஞ்சுக்காரி! பொண்ணு உன் உசுர காப்பாத்திக்குது. ஒரு வார்த்த நல்லதா சொல்லேன்."

அவள் பெஞ்சை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். பிறகு, "நல்லா பேசிச்சு அக்கா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பங்குப் பேரவையில் பேசினார்களாம், பிரச்சினை வேண்டாமாம், அந்த அறையில் பெயிண்ட் வேலை இருக்கிறதாம். பெயிண்ட் வேலை இன்றைக்கு வரைக்கும் நடக்கவில்லை. பள்ளி திரும்ப என் மாடிக்கு வந்தது. நானே தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன்.

அதே வருஷம் சஸ்மிதா பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு எவர்சில்வர் டப்பா. என்னிடம்தான் முதலில் காட்டினாள். அம்மாக்காரி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறு ஞாயிற்றுக்கிழமை அதில் சாக்பீஸ் போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வருஷங்கள் ஓடின. சஸ்மிதா பன்னிரண்டாவது முடித்து, ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். ஊரிலிருந்து சேதி வந்தது: மாமன் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரவும். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுப் புடவை கட்டிக்கொண்டு லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் வந்து என் காலைத் தொட்டாள். "கல்யாணம் பேசிட்டு வர்றோம் அக்கா. அப்பறம் எல்லாம் எடுத்துக்கினு போயிடுவோம்." பள்ளிப் பிள்ளைகள் தெருமுனை வரைக்கும் போய்க் கையாட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

மாதம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மாக்காரி அறைக்குள் போய்ப் படுத்தவள் படுத்தவள்தான். தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்த சஸ்மிதாவிடம் நான்தான் போய்க் கேட்டேன்.

"மாமா ஆட்டோ அனுப்பறேன்னாரு ஆண்ட்டி. அம்மா வேணாம்னுட்டாங்க. எம் பொண்ணுக்கு வழி தெரியும், அவளே கூட்டிக்கினு வருவான்னு பெருமையா சொன்னாங்க. என்னைய முன்னால வுட்டு அவுங்க பின்னால வந்தாங்க. வெளிய வந்தா லெவல் கிராசிங்கே இல்ல. பெரிய பாலம் போட்டுக்கறாங்க. மில்லு இல்ல. கொளத்த மூடி அதுமேல கல்யாண மண்டபம். நான் எங்க போறது? அம்மாவும் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. கடைசில ஒரு பொட்டிக்கடைல வழி கேட்டாங்க." அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "அம்மா பேசறத கேட்டுட்டு அந்தக் கடைக்காரன், நீங்க எந்த ஊரும்மா, மெட்ராஸ் பக்கமான்னு கேட்டான் ஆண்ட்டி. அம்மா பேச்சுல நம்ம ஊர் ராகம் வந்துருச்சாம்."

"மாப்ள வூட்ல?"

"புஸ்தகம் பேசற மாரி பேசறேன்னு சிரிச்சாங்க. பக்கத்து வூட்டுக்காரங்களயெல்லாம் கூப்ட்டு, பேசு பேசுன்னு பேசச் சொன்னாங்க. டீ டம்ளர் கைல சுட்டு அய்யய்யோன்னுட்டேன். மாப்ளயோட அம்மா, இது நம்ம பொண்ணு இல்ல, மதராசிப் பொண்ணுன்னு சொல்லிட்டாங்க." இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டிலேயே பிடித்துக்கொண்டேன். "ரெண்டு வாட்டி போயிட்டு வந்தியே. பாலம், மண்டபம் எல்லாம் பாத்துத்தானே இருப்பே? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அவன் சாப்பாட்டு டப்பாவைக் கை மாற்றிக்கொண்டான். "சொன்னா ஸ்கூல் நின்னுடும் அக்கா" என்றான். அவன் என்னிடம் அத்தனை வருஷத்தில் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான். அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல் மாடிக் கொடியை வெறுமையாக விட்டிருந்தேன். அவள் வருவாளோ மாட்டாளோ என்று தெரியாமல் தார்ப்பாயைச் சரிசெய்கிற சாக்கில் மேலே நின்றேன். வந்தாள். தலை வாரியிருந்தாள், கையில் அந்த எவர்சில்வர் டப்பாவும் இருந்தது. கொடியைப் பார்த்தாள்.

"அக்கா, துணி போட்டுக்கோங்க" என்றாள்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறிவந்து வரிசையாக உட்கார்ந்தன. பல நாள் கழித்து டீச்சரைப் பார்க்கிற பயம் அவர்களுக்கு. பாட்டு ஆரம்பிக்கவில்லை, எழுத்து ஆரம்பிக்கவில்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறதிலேயே சின்னது ஒன்று தானாக எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து தன் வழியைச் சொல்ல ஆரம்பித்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேணாம்டா" என்றாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

தமிழில் சொன்னாள். அந்த மாடியில் அவள் பிள்ளைகளோடு பேசிய முதல் தமிழ். பிள்ளைகள் நம்பாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் ஹே என்று ஒரு கூச்சல், படிகளில் திடுதிடுவென்று ஓட்டம். கீழே ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டது. ஒருத்தரும் வழி தவறவில்லை.